நாட்பட்ட நோயும் நெடுநாட் கணக்கும்

நோய்களை இரண்டாகப் பிரிக்கலாம். வந்து போகும் நோய் ஒன்று. வந்து தங்கும் நோய் மற்றொன்று. சளிக் காய்ச்சல் வருகிறது, ஒரு வாரம் வாட்டுகிறது, போய்விடுகிறது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஈளையும் கீல்வாதமும் அப்படி அல்ல. அவை விருந்தினரைப் போல வந்து, வீட்டாரைப் போலத் தங்கிவிடுகின்றன. காசமும் தொழுநோயும் மருந்துக்குக் கட்டுப்படுவனவே. ஆயினும் அவை விடைபெற்றுச் செல்லப் பல மாதங்கள் ஆகின்றன. அவை உண்மையில் போய்விட்டனவா, அல்லது கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கின்றனவா என்பதை அறிய இன்னும் சில ஆண்டுகள் வேண்டியிருக்கின்றன.

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் நெடுங்காலமாக மருத்துவம் பார்த்து வருபவன் நான். கரிசல் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிடுகிற உழவர்கள், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் வேலை செய்கிற பெண்கள், அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமெண்டு ஆலைகளிலும் உழைக்கிறவர்கள் ஆகியோரே என்னிடம் வருபவர்கள். அவர்கள் எல்லாரும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். “ஐயா, இந்த மருந்தால் குணமாகுமா?” என்பதே அது. அதற்கு அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. “குணமாகும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்க வேண்டும். கேட்டால் மருத்துவர் வருந்துவார் என்று எண்ணுகிறார்கள் போலும். நேயர்களே, கேட்கப்படாத அந்தக் கேள்விக்கே இன்று விடை கூற விரும்புகிறேன்.

“அனுபவத்தால் தெரியும்” என்பதே எளிய விடை. அனுபவம் பெரிது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாட்பட்ட நோயின் முன்னே ஒரு தனி மருத்துவரின் அனுபவம் மூன்று வழிகளில் ஏமாந்துபோகக் கூடும்.

முதலாவது, இந்நோய்களுக்கு இயல்பாகவே ஏற்றமும் இறக்கமும் உண்டு. மூட்டு வலியால் அவதிப்படுகிறவர் வலி மிகுந்த நாளில்தான் மருத்துவரைத் தேடி வருகிறார். மிகுந்தது தானே சற்றுத் தணியும். அந்த வேளையில் கொடுத்தது தைலமாயினும் மாத்திரையாயினும் மந்திரித்த நீராயினும் புகழ் அதற்கே போய்ச் சேருகிறது. அலை இறங்கும் நேரத்தில் கரையில் நின்றவன், “நான்தான் கடலை அடக்கினேன்” என்று சொல்வது போன்றது இது.

இரண்டாவது, மருத்துவரின் கண்ணில் படுகிறவர்கள் திரும்பி வருகிறவர்கள் மட்டுமே. மருந்து ஒத்துக்கொள்ளாதவர் வேறு ஊர் மருத்துவரிடம் போய்விடுகிறார். பேருந்துக்குப் பணம் இல்லாதவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். இறந்தவர் வரப்போவதே இல்லை. ஆகவே, “என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் நலமாக இருக்கிறார்கள்” என்று ஒரு மருத்துவர் உண்மையாகவே சொல்லலாம். அது உண்மையாக இருந்தும் பொருளற்றதாக இருக்கலாம். அறுவடை முடிந்தபின் களத்தில் இருக்கும் நெல்லை மட்டும் பார்த்துவிட்டு, விதைத்தவை எல்லாம் விளைந்தன என்று சொல்ல முடியுமா? முளைக்காததும் பூச்சி தின்றதும் களத்துக்கு வருவதில்லை.

மூன்றாவது காலம். நீரிழிவு உடையவரின் கண்ணும் சிறுநீரகமும் ஒரு மாதத்தில் கெட்டுப்போவதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளில் கெடுகின்றன. ஒரு மருந்து அவற்றைக் காத்ததா என்பதை அறியவும் அத்தனை ஆண்டுகள் வேண்டும். அதற்குள் மருத்துவர் மாற்றலாகிப் போகிறார்; நோயாளி பிழைப்புத் தேடித் திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடா நாட்டுக்கோ போகிறார்; சீட்டுகள் கரையானுக்கு இரையாகின்றன.

நம் நாட்டில் மருத்துவம் பழையது, மருத்துவமனையும் பழையது. பதினோராம் நூற்றாண்டில், நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் சோழரின் தலைநகராக விளங்கிய காலத்தில், வீரராசேந்திர சோழன் ஆட்சியில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று திருமுக்கூடல் கோயிலில் இருக்கிறது. அங்கே நடந்த ஆதுலர் சாலையைப் பற்றி அது கூறுகிறது. ஆதுலர் என்றால் நோயாளிகள். பதினைந்து நோயாளிகள் தங்கும் இடம் அது. மருத்துவருக்கும் அறுவை செய்பவருக்கும் மருந்து கொணர்பவருக்கும் பணிப்பெண்களுக்கும் எவ்வளவு நெல் என்பதும், எந்தெந்த மருந்துகள் இருப்பில் இருக்க வேண்டும் என்பதும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. படிக்கும்போது நெஞ்சு பெருமை கொள்கிறது. ஆனால் சென்றவர் எத்தனை பேர், தேறியவர் எத்தனை பேர், ஓராண்டுக்குப் பிறகும் நலமாக இருந்தவர் எத்தனை பேர் என்ற செய்தி அதில் இல்லை. செலவைக் கல்லில் எழுதினார்கள், விளைவை எழுதவில்லை. இது சோழருக்கு மட்டும் உரிய குறை அன்று. உலகம் முழுவதும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவம் பெரும்பாலும் இவ்வாறே நடந்தது.

விளைவை எப்படிக் கணக்கிடுவது? நம் உழவர்களுக்கு இது புதிதன்று. புதிய வெங்காய விதை ஒன்று வந்தால், அறிவுள்ள உழவர் காடு முழுவதும் அதையே ஊன்றிவிடமாட்டார். ஒரு பாதியில் பழைய விதை, மறு பாதியில் புதிய விதை என்று போட்டுப் பார்ப்பார். நல்ல மண் உள்ள பாதியைப் புதிய விதைக்குக் கொடுத்தால் சோதனை கெட்டுவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். மருத்துவத்திலும் இதுவே முறை. நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்குப் புதிய மருந்தும் மற்றொன்றுக்குப் பழைய சிகிச்சையும் கொடுக்க வேண்டும். யார் எந்தக் குழு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடக்கூடாது. விட்டால், தேறக்கூடியவர்களை எல்லாம் அவர் தம்மை அறியாமலே புதிய மருந்துக்கு அனுப்பிவிடுவார். ஆகவே திருவுளச்சீட்டுப் போல் குலுக்கி எடுக்க வேண்டும். பின்னர், சேர்ந்த ஒருவரையும் விடாமல் கணக்கில் வைத்திருக்க வேண்டும். இறுதியாக, காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதன் அருமையைக் காட்ட ஒரு வரலாறு சொல்கிறேன். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்ட புதிதில், அது காசநோயைத் தீர்க்குமா என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் சோதித்தனர். 1948-இல் முடிவு வெளிவந்தது. நோயாளிகள் 107 பேர். குலுக்கல் முறையில் 55 பேருக்கு ஊசியும் படுக்கை ஓய்வும் கிடைத்தன. 52 பேருக்கு ஓய்வு மட்டும். அந்நாளில் மருந்து கிடைப்பதே அரிதாக இருந்தது; எல்லாருக்கும் கொடுக்கப் போதாது. ஆறு மாதம் கழித்து எண்ணியபோது, ஊசி பெற்ற குழுவில் இறந்தவர் 4 பேர். பெறாத குழுவில் இறந்தவர் 14 பேர். இதைவிடத் தெளிவான வெற்றி வேறு என்ன வேண்டும்?

கணக்கை அத்துடன் மூடியிருந்தால் உலகம் ஏமாந்திருக்கும். அவர்கள் மூடவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் எண்ணினார்கள். ஊசி பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்திருந்தனர். பெறாத 52 பேரில் 35 பேர் இறந்திருந்தனர். ஆறாம் மாதத்தில் மலைபோலத் தோன்றிய வேற்றுமை ஐந்தாம் ஆண்டில் மேடாகச் சுருங்கிவிட்டது. காரணம் என்ன? நோய்க்கிருமிகள் அந்த ஒரே மருந்துக்குப் பழகி, அதை எதிர்த்து நிற்கும் வலிமை பெற்றுவிட்டன. இதைக் கண்டறிந்ததால்தான் ஒரு மருந்தோடு இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் பிறந்தது. இன்று காசநோய்க்கு ஒரே சமயத்தில் பல மருந்துகள் கொடுக்கப்படுவது அந்தப் பாடத்தின் பயன். தொழுநோயிலும் இதே கதை நடந்தது. டாப்சோன் என்ற ஒரே மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கொடுத்துவந்தனர். 1960-களில் அதை எதிர்க்கும் கிருமிகள் தோன்றியது உறுதியாயிற்று. பின்னர் கூட்டு மருந்துச் சிகிச்சையை 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். உலகின் மருத்துவப் போக்கையே மாற்றிய ஒரு நெடுநாட் கணக்கு, சென்னை நகரின் குடிசைகளில் எழுதப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியோம்.

1950-களில் காசநோய் என்றாலே மக்கள் நடுங்கினர். நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றும் இன்றித் தேற முடியாது என்பது உலகத்தார் கொள்கை. அதற்காகவே சானடோரியங்கள் எழுந்தன. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் மருத்துவர் சவரி முத்து 1928-இல் நிறுவிய சானடோரியம் அவற்றுள் ஒன்று. இன்றும் அங்குள்ள இரயில் நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர். ஆனால் நோயாளிகள் பல இலட்சம். படுக்கைகளோ சில ஆயிரம். இடம் கிடைத்தவருக்கும் துன்பந்தான். வீட்டில் சம்பாதிப்பவர் ஓராண்டு படுக்கையில் கிடந்தால் அடுப்பு எரிவது எப்படி? கைக்குழந்தையை விட்டுத் தாய் ஓராண்டு பிரிந்திருப்பது எப்படி? இடம் கிடைக்காதவர் நிலை அதனினும் கொடிது. மருந்து இருந்தும், “சானடோரியத்தில் இடமில்லை” என்ற சொல்லே அவருக்குத் தீர்ப்பாயிற்று.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி அதை நடத்தின. முதலில் பொறுப்பேற்றவர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவர். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி மிக எளியது: ஒரே மருந்தைச் சானடோரியத்தில் வைத்துக் கொடுப்பதற்கும், வீட்டில் வைத்துக் கொடுப்பதற்கும் விளைவில் வேற்றுமை உண்டா?

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு சாரார் சானடோரியத்துக்குச் சென்றனர்; மறு சாரார் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்னும் இரு மருந்துகள் ஓராண்டுக்கு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் முழு ஓய்வும் காற்றோட்டமான கூடமும். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான அறை, குறைந்த உணவு, பலருக்கு அன்றாட வேலையும் கூட. பந்தயம் வைத்திருந்தால் எல்லாரும் சானடோரியத்தின் பக்கமே பணம் கட்டியிருப்பர்.

ஓராண்டு முடிவில் கிருமி அடங்கி நோய் தணிந்தவர்கள், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். உடல் எடை கூடியதில் சானடோரியத்தார் முந்தினர். ஆனால் நோய் தணிந்ததில் இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றே. உண்டு கொழுத்த உடம்பிலும் மெலிந்த உடம்பிலும் மருந்து தன் வேலையைச் செய்தது.

ஆயினும் ஐயம் தீரவில்லை. “வீட்டில் தேறியவருக்கு நோய் மீண்டும் வந்தால்? ஒரே அறையில் உறங்கிய குழந்தைகளுக்குத் தொற்றியிருந்தால்?” என்று கேட்டனர். நியாயமான கேள்விகளே. ஆகவே ஐந்து ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்தனர். அவர்கள் குடும்பத்தாரையும் தொடர்ந்தனர். ஐந்தாம் ஆண்டின் முடிவில் இரு சாராரிலும் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேர் நோய் தணிந்தே இருந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் உறவினருக்கு, சானடோரியத்தில் இருந்தவரின் உறவினரைவிட நோய் மிகுதியாக வரவும் இல்லை. அதன்பின் ஏழை நாடுகள் மட்டுமல்ல, செல்வ நாடுகளும் சானடோரியங்களை மூடி, நோயாளிகளை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கத் தொடங்கின. இன்று நம் செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ ஒரு தாய், தன் பிள்ளைகளைப் பிரியாமல் காசநோய்க்கு மாத்திரை உண்டு தேறுகிறாள் என்றால், அந்த உரிமையை அவளுக்கு ஈட்டித் தந்தவர்கள் அந்த 193 பேரும், அவர்களை ஐந்து ஆண்டுகள் தேடித் தேடிச் சென்ற ஊழியர்களுமே.

தேடித் தேடி என்று சொன்னேன். அது அலங்காரச் சொல் அன்று. குடிசை மாறியவரைப் புதிய குடிசையில் தேட வேண்டும். மாத்திரையை உண்டாரா, வீசினாரா என்பதை அறிய எதிர்பாராத நாளில் வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ண வேண்டும். சிறுநீரைச் சோதிக்க வேண்டும். சளியை மாதந்தோறும் ஆய்வுக்கு எடுக்க வேண்டும். கோபித்துக்கொண்டவரைச் சமாதானம் செய்ய வேண்டும். மருந்தைக் கண்டுபிடித்தவர் பெயர் நூல்களில் இருக்கிறது. நோயாளியின் முகவரியைக் கண்டுபிடித்தவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் பின்னவர் இல்லையேல் முன்னவரின் மருந்து நல்லதா தீயதா என்பதே தெரியாமல் போயிருக்கும். அந்நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயருடன் சென்னைச் சேத்துப்பட்டில் இயங்குகிறது.

நெடுநாட் கணக்கு எப்போதும் இனிய செய்தியையே தரும் என்று எண்ண வேண்டாம். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில், 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றிய ஆய்வு ஒன்று தொடங்கியது. ஏறத்தாழ 2,80,000 பேர் அதில் தடுப்பூசியோ வெறும் நீர் ஊசியோ பெற்றனர். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே கண்ட முடிவு. எவ்வளவு ஏமாற்றம்! ஆயினும் அந்த ஏமாற்றமே ஒரு செல்வம். தடுப்பூசியை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது, நோயாளியை விரைவில் கண்டுபிடித்து மருந்து கொடுப்பதே வழி என்பது தெளிவாயிற்று. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசவகையிலிருந்து அந்த ஊசி காக்கிறது என்று பிற ஆய்வுகள் காட்டியமையால், பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுகிறோம். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்து அறிவதுதான் அறிவு.

இப்போது நம் ஊர்களில் பெருகிவரும் நீரிழிவுக்கு வருகிறேன். பிரிட்டனில் 1977-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. புதிதாக நீரிழிவு கண்ட 5,102 பேர் அதில் சேர்ந்தனர். சர்க்கரையை மாத்திரையாலும் ஊசியாலும் நன்கு கட்டுப்படுத்திய குழுவும், உணவுக் கட்டுப்பாட்டை முதன்மையாகக் கொண்ட குழுவும் ஒப்பிடப்பட்டன. 1998-இல் முதல் முடிவு வந்தது: நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலிய நுண்குழாய்க் கேடுகள் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தன. மாரடைப்பிலோ உயிரிழப்பிலோ உறுதியான வேற்றுமை தெரியவில்லை. அதன்பின் எல்லாரும் தத்தம் மருத்துவரிடம் திரும்பினர். ஓராண்டுக்குள் இரு குழுவின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. கணக்கு மட்டும் தொடர்ந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2008-இல் பார்த்தபோது, தொடக்கத்தில் கட்டுப்பாடாக இருந்தவர்களிடையே மாரடைப்பும் குறைந்திருந்தது, உயிரிழப்பும் குறைந்திருந்தது. இளம் பயிருக்கு இட்ட எரு கதிரில் தெரிவது போல, நோயின் தொடக்கத்தில் எடுத்த முயற்சி பிற்காலத்தில் பலன் தந்தது. இருபது ஆண்டுகளில் நிறுத்தியிருந்தால் இதை அறிந்திருக்க மாட்டோம்.

அப்படியானால் சர்க்கரையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லதா? அப்படியும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நெடுநாளாக நீரிழிவும் இதய நோய்க்கான வாய்ப்பும் உடைய 10,251 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்துகளைக் கூட்டிச் சர்க்கரையை மிகவும் தாழ்த்திய குழுவில் இறப்பு மிகுந்தது. அந்தச் சிகிச்சையை 2008-ஆம் ஆண்டில் இடையிலேயே நிறுத்தினார்கள். இரத்தச் சோதனைத் தாளில் எண் அழகாக இருந்தது, ஆள் பிழைக்கவில்லை. தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து மகிழலாகாது. ஆளை எண்ண வேண்டும்.

நம் சென்னையிலும் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் குழுக்களாகப் பிரித்துத் தொடர்ந்தனர். 2006-இல் முடிவு வந்தது. மூன்று ஆண்டுகளில், ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவில் விழுந்தனர். நடைப்பயிற்சியும் உணவு முறையும் மேற்கொண்டவர்களிடையே அந்த இடர் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கு குறைந்தது. மாத்திரை உண்டவர்களிடையேயும் ஏறத்தாழ அவ்வளவே. காலை நடை மாத்திரைக்கு ஈடாக நின்றது என்பதை வேறு எந்த வழியால் அறிந்திருக்க முடியும்?

நேயர்களே, இவை எல்லாம் சென்னையிலும் சீமையிலும் நடந்தவை; நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது.

“ஒரு மண்டலத்தில் சர்க்கரை நோய் அடியோடு தீரும்” என்று சுவரொட்டியும் கைப்பேசிச் செய்தியும் நம் ஊர்களில் நாள்தோறும் வருகின்றன. அவற்றைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? கொடுக்காதவரோடு ஒப்பிட்டார்களா? எத்தனை ஆண்டுகள் பார்த்தார்கள்? இடையில் நின்றுபோனவர்கள் என்ன ஆனார்கள்? சித்த மருத்துவமாயினும் ஆங்கில மருத்துவமாயினும் இக்கேள்விகள் பொது. எந்த மருத்துவத்துக்கும் இவற்றைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. கேட்டு விடை பெற்ற மருந்துக்கே பெருமை. நாற்பத்தெட்டு நாளில் நாற்பது ஆண்டு நோயின் கணக்கு முடியாது.

அடுத்து, உங்களிடம் உள்ள மருத்துவச் சீட்டை வீணாக்காதீர்கள். குடும்ப அட்டையையும் நிலப் பட்டாவையும் பெட்டியில் பூட்டி வைக்கிற நாம், மருத்துவச் சீட்டில் மளிகைக் கணக்கு எழுதுகிறோம். எந்த ஆண்டில் நோய் கண்டது, எந்த மருந்து, எந்த அளவு, எப்போது நிறுத்தினீர்கள் என்பவை உங்கள் உடம்பின் பட்டா. ஊர் மாறும்போது அதை உடன் கொண்டு செல்லுங்கள். மருந்தை இடையில் நிறுத்தியிருந்தால் மறைக்காதீர்கள். வேறு மருந்து உண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நிறுத்தியதைச் சொன்னால் மருத்துவர் கடிந்துகொள்வார் என்று அஞ்சிப் பொய் சொல்கிறவர்கள் பலர். அந்தப் பொய்யால் மருந்தின் மேல் பழி விழுகிறது, அளவு கூட்டப்படுகிறது, தீங்கு உங்களுக்கே வருகிறது.

மூன்றாவது, நலமாக இருக்கும்போதும் வாருங்கள். காச மருந்தை இரண்டு மாதம் உண்டு, இருமல் நின்றதும், “தேறிவிட்டேன்” என்று கல்லுடைக்கப் போய்விடுகிறார் ஒருவர். இரத்தக் கொதிப்பு மாத்திரையை அறுவடை மும்முரத்தில் மறந்துவிடுகிறார் இன்னொருவர். தலை வலிக்கவில்லை, ஆகவே நோய் இல்லை என்பது அவர் எண்ணம். முன்னவர் மருந்துக்கு அடங்காத காசத்தோடு திரும்புகிறார்; பின்னவரைக் கைகால் விழுந்த நிலையில் தூக்கி வருகிறார்கள். இவர்களைப் போன்றோரை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கி, இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வாசலுக்கே வரலாயின. வாசலுக்கு வரும் ஊழியரிடம் மாத்திரையை வாங்கிக்கொள்வதோடு நின்றுவிடாமல், உண்டதையும் உண்ணாததையும் உள்ளபடி சொல்லுங்கள். அவர் எழுதிக்கொள்ளும் ஒரு வரி உங்கள் பேரனுக்கு உதவும்.

மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். பெரம்பலூர் 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து மாவட்டமாயிற்று. அரியலூர் அதிலிருந்து பிரிந்து, மீண்டும் இணைந்து, 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் மாறலாம். நோயாளியின் குறிப்பு அறுந்துபோகக் கூடாது. அரியலூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அங்கே பயிலும் இளைஞர்கள், சுரங்கத் தூசியில் உழைப்பவரின் நுரையீரலையும், கரிசல் காட்டு உழவரின் சர்க்கரையையும், இருபது, முப்பது ஆண்டுகள் விடாமல் தொடர்ந்து எழுதிவைப்பார்களாயின், சென்னைக் குடிசைகளில் எழுதப்பட்டது போன்ற ஒரு கணக்கு இந்த மண்ணிலிருந்தும் உலகுக்குப் போகும்.

இந்த மண் குறிப்புகளைக் காப்பதில் வல்லது. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடையது என்கிறார்கள். காரைப் பக்கத்து ஓடைகளில் கடல்வாழ் உயிர்களின் சுவடுகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. யாரும் கேட்காமலே மண் அவற்றைக் காத்து வைத்தது. மனிதர் உடம்பின் வரலாற்றை மண் காக்காது. அதை நாம்தான் எழுத வேண்டும். எழுதியதைக் காக்க வேண்டும். காத்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். நோயாளி தம் பங்குக்கு உண்மையைச் சொல்ல, ஊழியர் தம் பங்குக்கு அதை எழுத, மருத்துவர் தம் பங்குக்கு அவசரப்படாமல் காத்திருக்க, “குணமாகும் என்பது எப்படித் தெரியும்?” என்ற கேள்விக்கு இன்றுள்ளதை விட நல்ல விடையை அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்லலாம். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது பழைய சீட்டை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.